தடுத்து வைத்த சிக்னல்

அன்புள்ள அப்பாவுக்கு, பூனாவிலிருந்து அகிலா. நான் சுகம். மைன்ஸ் ஷிப்ட் முடிந்து வந்தால் இன்னும் இருமுகிறீர்களா?

இங்கே ஒரு கூத்து. என் புரோகிராம் ஒரு ஃபைலை எழுதி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாமலிருக்க, அதில் 'நிறுத்து' என்ற சிக்னலைத் தடுத்து வைத்தேன். தடையை நீக்க மறந்துவிட்டேன். மேனேஜர் பலமுறை நிறுத்தச் சொல்லியும் அது கேட்கவில்லை. கத்தினார், அவ்வளவுதான். தடையை நீக்கியதும், அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சிக்னல்தான் அதற்குப் போய்ச் சேர்ந்தது.

"அவளுக்கு ட்ரெய்னிங் முடியட்டும்டா, இப்ப சொல்லாத" என்று தம்பியைத் தடுத்தீர்களே. ஆஸ்பத்திரியில் அம்மா எத்தனை முறை 'அகிலா எங்கே' என்று கேட்டாள்? எல்லாம் முடிந்தபின் எனக்கு வந்தது ஒரே ஒரு போன்.

அம்மாவின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்துவையுங்கள். அது வேறு யாருக்கும் போய்விடக் கூடாது.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. இருமல் நின்றுவிட்டதென்று மட்டும் எழுதாதீர்கள். நம்பமாட்டேன்.

அகிலா