தொட்டிலில் வைத்த பூ

பிரிக்பீல்ட்ஸ்,
9 ஆகஸ்டு 1934

அம்மாவுக்கு டொரத்தியின் ஸ்தோத்திரம்.

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா எண்ணெய் தேய்த்துவிடுகிறாரா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதாமலிருக்க முடியவில்லை. தினமும் எனக்குச் சோறு கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டு ஆரிஃபா அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நம் மாதா கோயில் வாசலில் நிற்குமே கள்ளிமந்தாரை, அதே மரம் இங்கே நான் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் இருக்கிறது. அந்த வெள்ளைப் பூக்களைக் கைக்குட்டை நிறையப் பொறுக்கிவந்து தொட்டிலில் வைத்தேன்.

அக்காவின் மாமியார் அலறிவிட்டார்கள். "யா அல்லா! மையவாடிப் பூவ பச்சப் புள்ள கால்மாட்டுல வக்கிறியே, பி.ஏ. படிச்ச பொண்ணாடி நீ?"

இந்த ஊரில் அந்த மரத்தைக் கல்லறைகளில்தான் நடுவார்களாம். ஓடி வந்துவிட்டேன். மறுநாளே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

காய்ச்சல் விட்டதென்று இன்று காலை சுவர் வழியே கேட்டது. ஆனால் மூன்று நாளாகச் சோறு வரவில்லை.

பச்சைக் குழந்தைக்கு என்ன கொண்டுபோகலாம் என்று எழுதுங்கள். வேண்டாம், உங்கள் பதில் கப்பலேறி வருவதற்குள் குழந்தை பிறந்த நாற்பது நாளும் முடிந்துவிடும். அவர்களுடைய சோற்றுக் கிண்ணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் இப்போதே போகிறேன்.

உங்கள் மகள்,
டொரத்தி