அழகுக்கு வைத்த கட்டைகள்

மார்ச் 6
நூலகத் திட்டத்தின் தலைவி மதாம் சோகோபா இன்று அதன் முகப்பைப் படமெடுத்து, தலைநகர் பமாக்கோவிலுள்ள அலுவலகத்துக்கு அனுப்பினார். உள்ளே கான்கிரீட் தூண்கள், வெளியே மண் பூச்சு, சுவரெங்கும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள். பார்த்தால் நம் பழைய மண்வீடு. கட்டைகள் மட்டும் பனை இல்லை. கரையான் தொடாத மெல்லிய இரும்புக் குழாய், பழுப்புச் சாயம். வரைபடம், கணக்கு போல இதுவும் என் யோசனை. "நம்ம ஊரும் இருக்கு, புதுக் காலமும் இருக்கு, ஜூமானா" என்றார். அடுத்து பமாக்கோவில் கட்டப்போகும் அரங்கத்தின் வேலையும் எனக்குத்தானாம்.

மார்ச் 14
பூச்சுக் கோஷ்டியின் தலைவன் செரிபா வந்து சுவரைத் தடவிப் பார்த்தான். "டேய் காராமணி தின்னி, ஜாராப் பயலுக்கு எவன்டா பேனா குடுத்தான்?"
"த்ராவொரே அடிமைங்க எல்லாம் வெளியவே நில்லுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். ஜாரா குலமும் த்ராவொரே குலமும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை; ஏசினால் கோபிக்கக் கூடாது, ஏச்சு நின்றால்தான் உறவு முறிந்ததாக அர்த்தம்.

மார்ச் 29
செரிபா விழுந்துவிட்டான். கால் முறிந்தது. எழுத வரவில்லை.

மார்ச் 30
நேற்று பள்ளிவாசலுக்கு வருஷாந்தர மண்பூச்சு முடிந்ததும், மீந்த சேற்றோடு ஊரே நூலகத்துக்குத் திரும்பியது. யாரும் கூப்பிடவில்லை. புதுக் கட்டடத்துக்கும் ஒரு கை போடலாம் என்ற பிரியம்.
செரிபாவைக் குழாயில் யார் ஏறச் சொன்னது? குழாய் அழகுக்கு. பூச ஏணி வண்டி வரும் என்று வரைபடத்திலேயே இருக்கிறதே — இதைத்தான் நேற்று எல்லோரிடமும் கத்தினேன். கேவலம். இந்த ஊரில் ஏணி வண்டி ஏது? சுவரில் கட்டை நீட்டினால் கால் வைப்பார்கள். சின்ன வயதில் நானே அப்படி ஏறி அப்பனிடம் உதை வாங்கியவன்.

மார்ச் 31
நேற்று எழுதாமல் விட்டது. ஏறுமுன் அவன் கேட்டான். தலையில் சேற்றுக்கூடை, கையால் குழாயைத் தட்டி, "டேய் காராமணி, உன் குச்சி என்னைத் தாங்குமாடா?"
வழக்கமான ஏச்சு என்று எடுத்துக்கொண்டேன். கூட்டம் சிரிக்கட்டுமே என்று, "த்ராவொரே தொப்பையைத் தவிர எதையும் தாங்கும்!" என்றேன்.
சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஏறினான். குழாய் மடங்கியது.
கேலியாகத்தான் கேட்டான். ஆனால் நிஜமாகக் கேட்டான். ஆள் எடை தாங்காது என்று எனக்குத் தெரியுமே. கணக்குப் போட்டவனே நான்தானே.

ஏப்ரல் 3
ஆஸ்பத்திரிக்குப் போனேன். செரிபாவின் மனைவி, அசிதான் என்று பெயர், நாற்காலி இழுத்துப் போட்டாள். "என்னை நல்லா திட்டும்மா" என்றேன்.
"உன்னை எப்படிக் கோவிச்சுக்கிறது? நீ ஜாரா, நாங்க த்ராவொரே. வாயாலதான் திட்டலாம், மனசால முடியாது."
அவன் வாயாலும் திட்டவில்லை. "வாங்க, இஞ்சினியர்" என்றான்.
வாங்க!

ஏப்ரல் 7
செரிபா குடித்துவிட்டு ஏறினானாம், சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். கோஷ்டிக்கு வேறு தலைவன் பார்க்கிறார்களாம். அந்தத் தலைமைதான் அவனுடைய மரியாதை எல்லாம்.
மதாமிடம் போனேன். "சேறு வழுக்கிடுச்சுன்னு பமாக்கோவுக்குச் சொல்லியாச்சு. நீ ஜாராங்கிறதால அவங்க வழக்குன்னும் வரமாட்டாங்க. அதிர்ஷ்டக்காரன்டா நீ. பேசாம இரு."
தலையாட்டினேன். பமாக்கோவை நினைத்துக்கொண்டுதான் ஆட்டினேன். தூ.

ஏப்ரல் 10
இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11
வெள்ளித் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது சொல்லிவிட்டேன். "செரிபா குடிக்கல. வழுக்கவும் இல்ல. அந்தக் குழாய் ஆளைத் தாங்காது. அது தெரிஞ்சும், அவன் கேட்டப்போ கேலி பேசி ஏறவிட்டது நான்."
யாரும் ஏசவில்லை. ஒருவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 15
பமாக்கோ அரங்க வேலை கைவிட்டுப் போயிற்று. மதாம் முகம் பார்ப்பதில்லை. ஆனால் குழாய்களை அறுத்தெடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி பனங்கட்டை, சுவருக்குள் முழங்கை ஆழம் போய், தூணோடு பிணைப்பு.

மே 20
ஒவ்வொரு கட்டையிலும் நானே சிமெண்ட் மூட்டையைச் சுமந்து நின்று பார்த்தேன். கீழே செரிபா, கக்கத்தில் ஊன்றுகோல். கோஷ்டி அவனைத் தலைவனாகவே வைத்துக்கொண்டது.
"தாங்குமா?" என்றான்.
கேலி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "ரெண்டு ஆளைத் தாங்கும்."
தலையசைத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனான்.
சாயங்காலம் அசிதான் மூடிபோட்ட கிண்ணத்தோடு வந்தாள். "அவர் குடுத்துட்டு வரச் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."
திறந்தேன். அவித்த காராமணி. உப்புகூட இல்லை.
தெருவைப் பார்த்து வாசலில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் தின்றேன்.