நீங்கள் உரஞ்சிய நீலப் பந்து

மச்சாள்,

கனடாவிலிருந்து கொண்டுவந்த உங்கள் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு உங்கள் மகள் நேரே புத்தூருக்கு, என் வீட்டுக்கு வந்தாள். பாரமான ஒரு பையை இரண்டு கையாலும் தூக்கி என் கட்டிலில் வைத்தாள். உங்கள் பச்சை நூல் சேலையால் சுற்றிய பொட்டலம் உள்ளே இருந்தது. அவிழ்க்க முன்னமே மணம் வந்துவிட்டது. கனடாவில் புதன்கிழமைக் காலைகளில் நாம் இரண்டு பேரும் பௌலிங் விளையாடப் போன மண்டபத்தின் மணம். சேலைக்குள் இருந்தது என் நீலப் பந்து.

நான் மறக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி என்னைத் தனியே விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு மகன் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். பனிக்குப் பயந்து யன்னலோடு இருந்த என்னை அந்த முதியோர் கூட்டத்துக்கு இழுத்துப்போனது நீங்கள்தான். சேலைக்குக் கீழே அவர்கள் தந்த இரட்டை நிறச் சப்பாத்து. வெட்கப்பட்டு நின்றேன்.

"ஆர் பாக்கப் போகினம்? நடவும்," என்றீர்கள்.

நீளமான பலகைப் பாதை. அதன் கடைசித் தொங்கலில், பந்தை உருட்டி விழுத்த வேண்டிய போத்தல் மாதிரிக் கட்டைகள். இரண்டு கரையிலும் வாய்க்கால் மாதிரிக் கான். பலகையில் எண்ணெய் பூசியிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பந்து வழுக்கிக்கொண்டு போய்க் கானுக்குள் விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். திரும்பி வந்த பந்தில் வளையமாய் ஒட்டியிருந்த எண்ணெயை நீங்கள் விரலால் தொட்டுக் காட்டினீர்கள்.

"எண்ணெய் கனக்கக் கிடந்தால் சொரசொரத்த கறுப்புப் பந்தை எடும். அதுதான் பலகையைப் பிடிச்சுக்கொண்டு திரும்பும். விளையாட விளையாட எண்ணெய் தேஞ்சுபோம். காஞ்ச பலகையிலை கறுப்பை விட்டீரெண்டால் வேளைக்கே திரும்பிக் கெடுத்துப்போடும். அப்ப மினுக்கின நீலம். அது நேரை போகும்."

"பந்துக்கோ இவ்வளவு குணம் பாக்கிறது? புருசனுக்கே நாங்கள் பாக்கேல்லை."

"புருசனை மாத்தேலாது. இதை மாத்தலாம்."

பக்கத்துப் பாதையில் விளையாடிய சீனத்து அம்மாமார் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

கறுப்பு உங்களுடையது. நீலம் என் மகன் வாங்கித் தந்தது. எண்ணெய் இருக்கும்வரை நீங்கள், காய்ந்த பிறகு நான். அதுதான் எங்கள் ஒழுங்கு.

அந்தக் கடைசிப் போட்டியும் அப்படித்தான் நடந்தது. சீனத்து அம்மாமாருக்கும் எங்களுக்கும் இழுபறி. முடிவு என் ஒரு பந்தில் நின்றது. "நல்லாக் காஞ்சிட்டுது, உம்மடை நீலம்தான் இதுக்கு," என்று நீங்களே எடுத்து என் கையில் தந்தீர்கள். விட்டேன். நேரே போக வேண்டிய பந்து பாதிவழியில் இடப்பக்கம் வெட்டிக் கானுக்குள் போனது. திரும்பி வந்தபோதுதான் உற்றுப் பார்த்தேன். மினுக்கம் இல்லை. மேலெல்லாம் கீறல்.

போட்டிக்கு முதல் நாள் பந்துப் பையை உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஊரில் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுச் சட்டி உரஞ்சிய கை உங்களுடையது. பந்தில் எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டால் சும்மா இருக்குமா? கம்பிச் சுருளால் உரஞ்சிக் கழுவி வைத்திருக்கிறீர்கள். பாதையில் நிற்கும்போது தெரிந்ததெல்லாம் குசினிக்குள் மறந்துபோய்விட்டது.

"மச்சாள், இதை உரஞ்சினீங்களோ?"

நீங்கள் கூட்டத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "பந்திலை ஒரு குறையுமில்லை. உமக்குத்தான் கை நடுங்கினது."

எல்லோரும் கேட்கத்தான் சொன்னீர்கள். பந்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஊருக்கும் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பீர்கள். மழையோ, முருங்கை காய்க்குதோ, முழங்கால் எப்படி என்பீர்கள். நான் "ஓம், ஓம்" என்பேன். "உம்மடை கை நடுங்கேல்லை" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தேன். அது வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு உங்கள் மகள் எடுத்தாள்.

இப்போது சேலையை விலக்கிப் பார்த்தால் நீலத்தில் என் முகம் தெரிகிறது. ஒரு கீறல் இல்லை.

"அம்மா கடையிலை குடுத்து மினுக்குவிச்சவா, மாமி," என்றாள் மகள். "நீங்கள் வெளிக்கிட்ட கையோடை. பிறகு ஒருத்தரையும் தொட விடேல்லை. தான் கறுப்பைக் கொண்டுதான் போறவா. எண்ணெய் காஞ்ச உடனை, பின்னாலை ஆக்கள் இருக்கிற வாங்கிலை போய் இருந்திடுவா. கூப்பிட்டாலும் எழும்பமாட்டா. 'இனி மாமியின்ரை முறை' எண்டு சொல்லுவா."

எனக்குக் கோபம் போகவில்லை, மச்சாள். கடைக்காரனிடம் பந்தைத் தூக்கிக்கொண்டு போன நீங்கள் போனில் அதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாங்கு என்னை நித்திரை கொள்ள விடுகிறதில்லை. நான் இங்கே ஒரு சொல்லுக்குக் காத்திருக்க, நீங்கள் அங்கே பாதி விளையாட்டோடு எனக்கு இடம் விட்டு இருந்திருக்கிறீர்கள்.

போன புரட்டாசிச் சனிக்குச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போனேன். தரையெல்லாம் எண்ணெய். சனங்கள் விழுந்துவிடாமல் அடி பார்த்து நடந்தார்கள். நான் மட்டும் எண்ணெய் எங்கே தடிப்பாய்க் கிடக்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று வாசல்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மச்சாள், இதுக்குக் கறுப்பு, என்ன?"

வாய்விட்டே கேட்டுவிட்டேன். ஐயர் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று இன்னும் கொஞ்சம் நின்றேன்.