ஜீன்ஸ் என்பது ஒரு துறைமுகத்தின் பெயர்

நேற்றுக் காலை, மகள் வாங்கி வந்த புது ஜீன்ஸைப் பக்கெட்டில் ஊற வைத்தேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் நீலமாகிவிட்டது. கூடவே அந்த வாசனை, கஞ்சியும் சாயமும் கலந்து மூக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. பக்கெட்டுக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து, "ஏம்மா, சிலுவாரை ஊற வச்சிட்டு அழுவுறீங்க?" என்றாள். சாயத் தண்ணீர் கண்ணில் தெறித்துவிட்டது என்றேன். எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வரும் என்று உனக்குத்தான் தெரியும்.

நம் எஸ்டேட் இருந்த லாயாங் லாயாங்கிலிருந்து விடிவதற்கு முன் புறப்படும் பேக்டரி பஸ்ஸில் சிநேகிதிகள் நாம் இரண்டு பேரும் எப்போதும் ஒரே சீட்டு. தையல் லைனில் நான் பின்பாக்கெட், நீ இடுப்புப் பட்டி. நாள் முழுக்க ஜீன்ஸ் தைத்தோம். ஒன்றைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. மத்தியானம் சோறு பிசையும்போது விரல் நுனியெல்லாம் நீலமாக இருக்கும். உனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு, எனக்கு எரிச்சல்.

எல்லாரும் தைத்துவிட்டுப் போகிற பொருளுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டவள் நீ ஒருத்திதான். சூப்பர்வைசரிடமே போய்க் கேட்டாய். "வெள்ளைக்காரன் வச்ச பேரு லா, போய்த் தைம்மா" என்றார். நீ விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவுக்குப் போய், நூலகத்தில் தலையணை போல் இருந்த அகராதியைப் புரட்டி, துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாய்.

இத்தாலியில் ஜெனோவா என்று ஒரு துறைமுகம். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ழேன்' என்பார்கள். அங்கிருந்து வந்த முரட்டுத் துணிக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஜீன் ஆகி, அந்தத் துணியில் தைத்த சிலுவார் ஜீன்ஸ் ஆனது. டெனிம், பிரான்சில் நீம் என்கிற ஊரின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். உன்னைத் துள்ள வைத்தது மூன்றாவது. முரட்டு வேலைச் சிலுவாரை டங்கரீஸ் என்கிறார்களே, அந்தப் பெயர் பம்பாயின் டோங்ரியிலிருந்து வந்ததாம்.

"ஐயய்யோ அலமாக், பேரே நம்ம ஆளுங்க ஊருடி! கப்பல்காரனும் கூலிக்காரனும் போட்ட துணி. எங்கப்பா என்னான்னா வெள்ளைக்காரத் திமிருங்கிறாரு" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். அப்பாவை மடக்க ஆயுதம் கிடைத்துவிட்ட சந்தோஷம் உனக்கு.

தீபாவளிக்கு முன், கழித்துப்போட்ட உருப்படிகளைத் தொழிலாளர்களுக்கே மலிவாகத் தருவார்கள். நீ ஒன்று எடுத்தாய், நான் ஒன்று எடுத்தேன். உன்னுடையதில் பின்பாக்கெட் கோணல். "இந்தக் கோணல் உன் கைதாண்டி. நீ தைச்ச லட்சணத்த நான் பின்னாடி மாட்டிக்கிட்டுத் திரியணுமா?" என்றாய். அப்போதே நான் உன்னைப் போல் ஒன்றரைப் பங்கு இருந்தேன். என்னுடையதன் இடுப்பைப் பிடித்துப் பார்த்து அதற்கும் சிரித்தாய். எங்கள் வீட்டில் ஒளித்து வைக்க இடமில்லை என்று இரண்டும் உன் பையிலேயே இருந்தன.

அடுத்த ஞாயிறு ஜொகூர் பாருவில் இரண்டு பேரும் போட்டுக்கொண்டு நடப்பது என்று பேச்சு. பஸ் நிலையக் கழிவறையில் நீ மாற்றிக்கொண்டு வந்து நின்றாய். எனக்குத் தைரியம் வரவில்லை. பஞ்சாபி சூட்டோடு உன் பக்கத்தில் நடந்தேன். கடைத்தெருவில் நம் எஸ்டேட்டுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். நீ பழையபடி மாற்றிக்கொண்டு, நாம் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

உன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீ பயப்படவே இல்லை. சீட்டில் எழுதியதையெல்லாம் ஒப்பித்தாய். "இது திமிரு புடிச்ச துணி இல்லப்பா. மூட்டை தூக்குனவங்க, கப்பல்ல வேலை செஞ்சவங்க துணி. பேரே ஒரு துறைமுகத்தோட பேருப்பா."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கூலிக்காரன் துணியத்தான் முப்பது வருசமா போட்டுக்கிட்டு ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுறேன். அதக் கழட்டத்தாண்டி ஒன்னைய படிக்க வச்சேன்."

அவர் என் பக்கம் திரும்பி, "நீயும் வாங்கினியாம்மா?" என்றார்.

"இல்ல மாமா, எனக்கு இதெல்லாம் புடிக்காது" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை. நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மூன்று மாதம் உன்னை வேலைக்கு அனுப்பவில்லை. பஸ்ஸில் உன் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு போனேன். என் ஜீன்ஸ் என்ன ஆனது என்று கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. அதற்குப் பிறகு உன் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்ட எத்தனையோ தீபாவளிகள். நீ அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. நீ மருத்துவமனையில் கிடந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம் உன் முதல் வருட நினைவு நாளுக்குப் பண்டார் தெங்காராவில் உன் தம்பி வீட்டுக்குப் போனேன். மாமா அங்கேதான் இருக்கிறார். காது மந்தம், நினைவு மட்டும் கத்தி மாதிரி. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, அன்னிக்கு நானும் ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "நீ போன பெறகு பையக் கொட்டுனேன். ரெண்டு விழுந்துச்சு. ஒண்ணு பெருசு. இது யாருதுன்னு கேட்டேன். ரெண்டும் என்னுதுதாம்பா, கல்யாணம் ஆனா குண்டாயிடுவேன்ல, அதுக்கு எடுத்து வச்சேங்கிறா."

சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொய்க்குத்தாம்மா மூணு மாசம் வீட்ல ஒக்கார வச்சேன். சிலுவாருக்கு இல்ல. உண்மையச் சொல்லு, நாளைக்கே அனுப்புறேன்னு தெனம் கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லல."

ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்திருப்பாய். வேலைக்குத் திரும்பி வந்த அன்று, "என்னடி, நான் இல்லாம எளைச்சுட்ட?" என்று என்னைத்தான் கிண்டல் செய்தாய். நான் உன்னை ஒரு நிமிடத்தில் கைவிட்டேன். நீ என்னைத் தொண்ணூறு நாள் கைவிடவில்லை.

இனி உன்னிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. யாராவது எதையாவது கேட்டால் முதலில் வாய்க்கு வருகிற 'இல்லை'யை விழுங்கிவிட்டு, 'ஆமாம், நானும்தான்' என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் பழகுவது கஷ்டமாகத்தான் இருக்கிறதடி.