ரிப்பன்களுக்கு நடுவே ஒரு துணி

அன்புள்ள சுமலதாவுக்கு,

ஜெகதளாவில் குளிர் இறங்கிவிட்டது. ஸ்வெட்டரும் மப்ளருமாக நான் சுகம். நம் மகள் ஜீவாவும் குழந்தையும் தேறி வருவதாக நீ சொன்னது ஆறுதல். பச்சை உடம்புக்காரி பக்கத்தில் இருக்கும்போது இதைப் போனில் பேச முடியவில்லை. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்லப்போகும் சிறுமி பிழைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கோவையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் நம் பண்ணைக்கு வந்திருந்தார்கள். காலையில் கேரட் பிடுங்கினார்கள். சாணி என்று மூக்கைப் பொத்தியவர்களே கொஞ்ச நேரத்தில் எருக்குழியில் கையை விட்டுக் கிளறினார்கள். மதியம் தேயிலை. நீ ஏற்படுத்திய வழக்கப்படி, கொழுந்து கிள்ளிய செடியில் ஆளுக்கொரு சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். உன் பழைய பூனம் சேலையை நாம் இருவரும் உட்கார்ந்து வெட்டினோமே, அதே ரிப்பன்கள்தான். கட்டி முடித்ததும் ஒரு கொழுந்தை வாயில் போட்டு மென்று பார்ப்பார்கள். துவர்ப்பு தெரிந்தால்தான் பாடம் முடியும்.

அன்றைக்கு மேகம் மூடியிருந்தது. நான் கீழ்க்கோடியில் நின்றேன். மேலே போன பிள்ளைகள் எல்லையில் உள்ள வடிகால் கானைத் தாண்டி, பக்கத்துத் தோட்டக்காரர் பாலசுப்பிரமணியத்தின் பாத்திக்குள் போய்விட்டார்கள். அங்கே காலையில்தான் அவரிடம் வேலை செய்யும் நம் அழகையா, கொழுந்தை உறிஞ்சும் தேயிலைக் கொசுவுக்கு மருந்தடித்திருந்தார். மருந்தடித்த பாத்தியின் தலைமாட்டில் சிவப்புத் துணி கட்டுவது இங்கே எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். துணியை அவிழ்க்கும்வரை ஒருவரும் இலையைத் தொடமாட்டார்கள். அழகையாவும் கட்டியிருந்தார். பிள்ளைகளுக்கு அது இன்னொரு ரிப்பன்.

பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பக்கம் முழுவதையும் சிவப்பு மையில் அடிக்கோடிடும் பையன்கள் நான் வாத்தியாராக இருந்தபோது என் வகுப்பில் இருந்தார்கள். முக்கியமானது எதுவென்று கடைசியில் அவர்களுக்கே தெரியாது. நம் தோட்டமும் அன்று அப்படித்தான் இருந்தது.

அந்தப் பாத்தியில் கொழுந்தை மென்ற ஒரு சிறுமி பஸ் ஏறும் முன் வாந்தியெடுத்துச் சரிந்தாள். குன்னூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. அந்தப் பாதையை இனி எப்படிக் கடப்பேனோ தெரியவில்லை. இன்று காலை கஞ்சி குடித்தாள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொன்னார்.

அவளுடைய பெற்றோர் நாளை பத்து மணிக்குப் பண்ணைக்கு வருகிறார்கள். மருந்தடித்துவிட்டு அடையாளம் வைக்காமல் போனவன் யார், அவன்மேல் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்கிறார்கள். பாலசுப்பிரமணியம் அதற்குள் அழகையாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நம் பண்ணை வேலைக்காரப் பையன் ஷிஜோ நேற்றே ரிப்பன்களையெல்லாம் அவிழ்த்து ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். எரிக்கட்டுமா சாரே என்று கேட்டான். அழகையா துணியே கட்டலைன்னு நாம ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மேகத்துல யாரு கண்டது, பண்ணையைப் பூட்டிட்டா சேச்சி திரும்பி வந்து எதைப் பாக்கும் என்றான். கெட்ட பையன் இல்லை அவன். உன்னை நினைத்துத்தான் சொன்னான். நானும் உடனே கூடாது என்று சொல்லிவிடவில்லை. பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று சாயந்திரம் அழகையா வீட்டுக்குப் போனேன். கட்டினேனுங்க சார், சிலோன்ல எங்கப்பன் கையால பழக்கி விட்ட பழக்கம், மறக்குமா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி தெய்வம்மாதான் விடவில்லை. தேத்தண்ணியை என் முன்னால் நங்கென்று வைத்தாள். ஒங்க தோட்டத்துலதான் தீவாளி மாதிரி செடிக்குச் செடி துணி தொங்குதே, அதுல இந்த மனுசன் கட்டுனது எதுன்னு எந்தச் சாமி வந்து சொல்லும் என்று கேட்டாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் உன் சேலை. வழுக்கி வழுக்கி விழுகிறது. ஒன்று மட்டும் பருத்தி, பழைய சிவப்புத் தலைத்துண்டின் கிழிசல். எடுத்தவுடன் மருந்து நெடி மூக்கில் ஏறியது. அழகையா கட்டியதையும் சேர்த்துத்தான் ஷிஜோ அவிழ்த்து வந்திருக்கிறான்.

நாளை அதையும் உன் ரிப்பன்களில் ஒன்றையும் அந்தச் சிறுமியின் பெற்றோர் முன்னால் வைக்கப் போகிறேன். நடந்ததைச் சொன்னால் அவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். நீ கல் பொறுக்கி, மண் சுமந்து, வாசலில் உன் கையால் பெயர் எழுதிய இடம் அது. திறந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கே விடிவதற்குள் உனக்கு அங்கே ஒரு பகல் முழுக்க இருக்கிறது. திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. நான் கட்டச் சொன்ன ரிப்பனா என்று அழுதாலும் அழுது முடித்து எழுது. வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதே, சுமலதா. நீ வேண்டாம் என்று சொல்லி இதுவரை எதையும் நான் செய்ததில்லை.

ஜீவாவைச் சுடுதண்ணீரே குடிக்கச் சொல். குழந்தையின் உச்சியில் எனக்காக ஒரு முத்தம். மூவரும் நன்றாயிருங்கள்.

உன்,
பாலன்