உன் தலைமாட்டில் விழுந்த சம்மட்டி

என் தங்கமே, அம்மா,

போன செவ்வாய்க்கிழமை உன் தலைமாட்டில் சம்மட்டி அடித்தது நான்தான். வேறு யாரையும் திட்டாதே.

சுங்கை ஊடாங் போகிற வழியில் எண்ணெய்த் தொட்டிகள் கட்ட ஒரு கம்பெனி நம் தோட்டத்தை வாங்கிவிட்டது. ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டதற்கே முகத்தைத் தூக்கிவைத்திருந்தவள் நீ. இதற்கு என்ன சொல்வாய்? நீ படுத்திருக்கிற இடுகாட்டுக்கு அடியில் பாறை பிளந்திருந்தால், அக்கா குடியிருக்கிற லயத்து வீடுகளை இடித்து அங்கே தொட்டி கட்டுவார்கள். பிளவு இல்லையென்றால் உங்களையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு இங்கேயே கட்டுவார்கள்.

அந்தப் பிளவைத் தேடுவதுதான் இப்போது என் பிழைப்பு. ஜியோபோன் என்கிற சின்னக் கருவிகளை வரிசையாக மண்ணில் குத்திவைத்து, இரும்புத் தட்டின்மேல் சம்மட்டியால் அடிப்போம். அதிர்வு கீழே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். அது பதிவுப் பெட்டியின் திரையில் கோடு கோடாக விழும். கோடு அறுந்தால் பிளவு.

உன் சமாதிக்குப் பக்கத்தில் வந்ததும் எனக்குக் கை எழவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து மத்தியானம் படுப்பாயே, "சனியனே, செத்த நேரம் தூங்க விடுறியாடா?" என்று கத்துவாயே, அதுதான் காதில் கேட்டது. பட்டும் படாமலும் அடித்தேன்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் சூப்பர்வைசர் குமரேசன் அண்ணன், இடுப்பில் பேஜர் மாட்டியவர். "கோடு அறுந்துபோச்சு தம்பி. இங்கதான் உடைஞ்சிருக்கு போல லா," என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ அங்கேயே கிடந்திருப்பாய். அக்கா பிள்ளைகளோடு தெருவுக்கு வந்திருப்பாள்.

"இல்லண்ணே, நான்தான் மெதுவா அடிச்சிட்டேன். இங்க எங்கம்மா படுத்திருக்காங்க."

அவர் சம்மட்டிக்குக் கை நீட்டினார். "அப்ப நான் அடிக்கவா?"

"வேணாண்ணே. நானே அடிக்கிறேன்."

ஓங்கி அடித்தேன். கோடு அறாமல் ஓடியது. உனக்குக் கீழே இருப்பது நல்ல பாறை, அம்மா. உன்னை எழுப்பிவிட்டது உன் பிள்ளைதான்.

அக்காவிடம் சொன்னேன். அழுதாள். "அம்மாவா இருந்தா அடிடான்னுதான் சொல்லியிருக்கும் லா," என்றாள். சொல்லியிருப்பாயா? அவள் வீடு தப்பிவிட்டது, அவளுக்கு நிம்மதி. எனக்கு அன்றிலிருந்து மத்தியானத்தில் கண்ணை மூட முடியவில்லை.

அடுத்த மாதம் தோண்டுவதற்கு மெஷின் வருமாம். உன்னிடம் அதை வரவிட மாட்டேன், இது சத்தியம். மண்வெட்டியோடு நான் வருகிறேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் வெட்டுவேன். நீ முழிக்காமலே உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

உன்னைத் தூங்கவிடாத கடைக்குட்டி மகன்,
பாலு