சிரில் தடுமாறிய இடம்

பிளாக்பூல், ஆகஸ்ட் 1957

என்னவருக்கு,

நேற்று அம்மா வீட்டிலிருந்து டிராம் ஏறி, உங்களுக்குத் தெரியாமல், உங்கள் இசைக்குழு வாசிக்கும் மதிய நடனத்துக்கு வந்திருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் ட்ரம்ஸ் வாசிப்பதை நேற்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம், "டிரம்பெட்டையே பாக்காதடி. பதினாறு பேரையும் இழுத்துக்கிட்டுப் போறது பின்னாடி உக்காந்திருக்கிற அந்த ஆளுதான்" என்றார்.

அப்போதுதான் சாக்ஸபோன்காரர் சிரில் தனியாக வாசிக்கையில் தாளம் தவறினார். நீங்கள் குச்சிகளை வைத்துவிட்டுப் கம்பிப் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி, அவர் தாளத்துக்குத் திரும்பி வரும்வரை காத்திருந்தீர்கள். ஆடியவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒருவர் தடுமாறுவது உங்களுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் கேட்கிறது? வீட்டில் ஏன் கேட்கவில்லை?

கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சனிக்கிழமை முன்வரிசையில் இருப்பேன். நேரில் சொல்லுங்கள்.

இன்னும்
உங்கள் மனைவி